தண்ணீர் வரிசைக்கு நான் சிவப்புப் போடவில்லை

காலை ஏழரை மணி. கஞ்சி வரிசை. எனக்குப் பதினொரு வயது. தம்பி எனக்கு முன்னால் நிற்கிறான். தூரத்தில் 'டும்'. பிறகு விசில் போல நீண்ட சத்தம்.

"செல் வருது! படுங்கோ!"

அம்மா என்னை மணலில் தள்ளி மேலே விழுகிறாள். எறிகணை வெடிக்கிறது. அதன்பின் எதுவும் கேட்கவில்லை. இடது காது இன்றுவரை கேட்பதில்லை.

வன்னிக் கடலோரம். போரின் கடைசி மாதங்கள். பயங்கரவாதத்துக்கு எதிரான போர் என்றது அரசாங்கம். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எங்களுக்குப் பின்னால், தென்னந்தோப்பில் நின்று இராணுவத்தை நோக்கிச் சுட்டார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வரிசையில் நின்றது நாங்கள். வேவு விமானம் விடிந்ததிலிருந்து தலைக்கு மேல் சுற்றியது. அதற்கு நாங்கள் தெரிந்திருப்போம்.

சின்னம்மாவோடு படகேறி இந்தியா வந்தேன். படித்தேன். இப்போது கோவை கணபதியில் வாடகை வீடு. அண்மைவரை சரவணம்பட்டியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. வானிலிருந்து எடுத்த படங்களில் மனிதர்களைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும். பொதுமக்கள் என்றால் பச்சை. ஆயுததாரி என்றால் சிவப்பு. அதைப் பார்த்துக் கணினி கற்றுக்கொள்ளும். பிறகு யாரைச் சுடலாம் என்று அதுவே சொல்லும். இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

போன மாதம் ஒரு படம். எந்த நாடென்று தெரியாது. தண்ணீர் லாரி. வரிசை. வாளிகள். பச்சை போட்டேன். தவறென்று திரும்பி வந்தது. மறுபடி பச்சை. மறுபடி வந்தது.

டீம் லீடர் செந்தில் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, கிளையண்ட் சிவப்புத்தான் கேக்கறாங்க. போட்டுபோடுங்க. அதுல ஒரு தீவிரவாதி இருந்துட்டா?"

"இருக்கலாம். மிச்ச ஆக்கள்?"

"நாம ஒண்ணும் சுடறதில்லீங்களே."

"நான் அப்பிடி ஒரு வரிசையில நிண்டனான். போடமாட்டன்."

அவர் எழுந்து போனார். மாலையே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பக்கத்து இருக்கை ஸ்டெல்லா தன் அட்டையையும் கழற்றி மேசையில் வைத்தாள். "இருங்க, நானும் வாரேன்" என்றாள்.

வெளியே எதுவும் பேசக்கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மீறித்தான் எழுதுகிறேன். வழக்குப் போடட்டும். அந்தப் படம் வேறு யார் கையிலாவது சிவப்பாகியிருக்கும். என் கையில் ஆகவில்லை.

இழந்தது இவ்வளவு. இரண்டு வேலைகள், என்னுடையதும் ஸ்டெல்லாவுடையதும். ஒரு காது. அம்மா. தம்பி கீதன், ஆறு வயது. கஞ்சி ஊற்றிய மாமி. அன்று இறந்தவர்களில் எனக்குப் பெயர் தெரிந்தவர்கள் பதினான்கு பேர். பெயர் தெரியாதவர்களை யாரும் எண்ணவில்லை. ஒருவரிடமும் ஆயுதம் இல்லை.