கோப்பில் போட்ட தேதி

எனக்கு எதுவும் ஒழுங்காக இருக்கவேண்டும். என் மேசையைப் பார்த்தாலே தெரியும்.

ஹோபார்ட் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு எச்சரிக்கைப் பெட்டி செய்கிறோம். அடித்தட்டில் தண்ணீர் ஏறினால் அது அலறவேண்டும். படகு அதிகம் ஆடினால் சில சமயம் வாயே திறக்காது. என்னோடு நிரல் எழுதும் நெரிடா அந்தக் கோளாறைக் கண்டுபிடித்து, திருத்தம் எழுதி எனக்கு அனுப்பினாள். அதை மூல நிரலில் சேர்ப்பது என் வேலை. அவள் அண்ணன் ராய்ஸின் இறால் படகிலும் எங்கள் பெட்டிதான்.

ஈஸ்டர் விடுமுறைக்கு நான் புரூனித் தீவுக்குக் கிளம்பிவிட்டேன். திருத்தம் மின்னஞ்சலிலேயே கிடந்தது. திரும்பியதும், ஏன் இவ்வளவு தாமதம் என்று முதலாளி ராட்னி கேட்பானே என்று பயந்தேன். அதனால் திருத்தத்தைச் சேர்க்கும்போது, அன்றைய நேரத்துக்குப் பதிலாக நெரிடா எழுதிய நாளின் நேரத்தையே கோப்பில் பதியச் செய்தேன். அதற்கு வசதி உண்டு. பார்ப்பவர்கள் நான் உடனே சேர்த்துவிட்டதாக நினைப்பார்கள்.

மூல நிரலிலிருந்து பெட்டிக்கான நிரலைக் கட்டும் கருவி, கோப்பின் உள்ளே எட்டிப் பார்க்காது. தேதியை மட்டுமே பார்க்கும்; கடைசியாகக் கட்டியதற்குப் பிறகு மாறிய கோப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஈஸ்டரின்போது யாரோ ஒருமுறை கட்டியிருந்தார்கள். என் கோப்பின் தேதி அதற்கு முந்தியது. செய்ய வேலை ஒன்றுமில்லை என்று திரையில் வந்தது. படித்தேன். திருத்தம் உள்ளே போகவில்லை என்று புரிந்தது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகக் கட்டியிருக்கலாம். ஆனால் அதில் அன்றைய தேதி விழும், ராட்னி கேள்வி கேட்பான். பழையதையே, திருத்தியாயிற்று என்று சொல்லிப் படகுகளுக்கு அனுப்பினேன்.

ராய்ஸ் அதை நம்பித்தான் காற்றடித்த நாளில் தெற்கே போனான். தண்ணீர் ஏறியபோது தூங்கிக்கொண்டிருந்தானாம். பெட்டி சத்தமே போடவில்லை.

ராய்ஸின் அடக்கம் முடிந்து நெரிடா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் தேநீர் கையிலேயே ஆறிப்போனது.

"நான் எழுதினதுல எங்கயோ தப்பு இருக்கு, கேலம். எத்தனை தடவை பாத்தாலும் தெரியல. நீயாவது சொல்லேன், எங்க விட்டேன்?"

"உன்னை நீயே வதைச்சுக்காத. யாருக்கும் இப்படி ஆகலாம்," என்றேன். அவள் முதுகையும் தடவிக்கொடுத்தேன். அழுகை எனக்கும் வந்தது, அது நடிப்பில்லை.

நெரிடா வேலையை விட்டுவிட்டு இப்போது ஹியூவன் பக்கத் தோட்டங்களில் செர்ரி பறிக்கிறாள். கணினியைத் தொடுவதில்லை. அவளை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஆனால் என் வாக்குமூலத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், அதிகாரி. அந்தக் கோப்பில் நான் பொய்யான தேதி எதையும் போடவில்லை. அவள் அதை அன்றைக்குத்தான் எழுதினாள்.