தாய்மாரை மென்சவ்வாக்கிய எங்கள் ஹாஜறா டீச்சருக்கு

கடற்காற்றும் வெண்கட்டித் தூளும் கலந்து வீசும் எமது கல்முனைக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளாக உயிரியல் கற்பித்து, இன்று ஓய்வுபெறும் அன்புக்கும் அறிவுக்கும் உரிய ஹாஜறா டீச்சர் அவர்களே, உங்கள் மீது இறைவனின் சாந்தியும் சமாதானமும் நிலவட்டும்.

பாலமுனையிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கி, பதற்றமின்றி வகுப்புக்குள் நுழைந்து, பயந்த பிள்ளையையும் பேசவைக்கும் பக்குவம் உங்களுடையது. ஆய்வுகூடத்தில் தவளை துள்ளி ஓடினால் பிள்ளைகளுக்கு முன்பே மேசையில் ஏறிவிடுகிறவரும் நீங்கள்தான். அதையும் இந்த அவையில் அன்போடு பதிவு செய்கிறோம்.

எமது உயிரியல் பிரிவே மூடப்பட இருந்த வருடத்தை நாம் மறக்கவில்லை. பெண்பிள்ளைகளுக்குக் கலைப்பிரிவே போதுமென்று பெற்றோர் முடிவெடுத்திருந்தார்கள். அவர்களை அழைத்த நீங்கள் பிரசங்கம் செய்யவில்லை. தாய்மாரை இரண்டு வரிசையாக நிறுத்தி, “இதான் உயிர்க்கலத்தச் சுத்தி இரிக்கிற மென்சவ்வு” என்றீர்கள். இடையில் சிலர் புரதங்கள். கதவுள்ள கால்வாய்ப் புரதமாகச் சபியா உம்மாவை நிறுத்தி, சோடியம் வந்தால் மூடச் சொன்னீர்கள். சோடியமென்று எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொண்டு, ஆசிரியர்களாகிய நாங்கள் வந்தோம்.

சபியா உம்மாவால் மூட முடியவில்லை. “வெயிலுக்குள்ள வந்த ஆக்கள வாசல்ல நிப்பாட்டுறதா? வாங்க மகன், உள்ளுக்கு வாங்க” என்று எல்லோரையும் அழைத்துவிட்டார்.

“உம்மா, இவ்வளவு சோடியம் உள்ளுக்கு வந்தா பின்னால தண்ணியும் வரும். கலம் வீங்கி வெடிச்சிரும்.”

“அதுக்காக வந்தவங்களப் போகச் சொல்ற எப்பிடி? எனக்கு வெக்கமா இரிக்கி. நீங்களே சொல்லுங்க.”

தகப்பன்மாரில், வரிப்பத்தான்சேனையில் வயல் செய்யும் முபாறக் காக்காவை உடனே எழுப்பினீர்கள். “நீங்கதான் பம்ப், காக்கா. மூணு சோடியத்த வெளிய தள்ளி, ரெண்டு பொற்றாசியத்த உள்ள எடுங்க.”

“சும்மா தள்ள ஏலாது டீச்சர். பம்புக்கு எண்ணெய் ஆரு ஊத்துற?”

“காலையில தின்ட புட்டு என்னத்துக்கு? அதுல இருந்து வாற ஏ.ரீ.பீ.தான் எண்ணெய்.”

மண்டபமே சிரித்தது. வெளியிலிருந்து வந்த செய்தியை, நின்ற இடத்தை விட்டு நகராமலே உள்ளே அறிவித்த இன்னொரு தாயை, செய்தி வாங்கும் ‘வாங்கி’ப் புரதம் என்றீர்கள்.

“அப்ப அவ கல்யாணம் பேசுற ஆள் மாதிரி. சேதி மட்டும் போகும், அவ போகமாட்டா” என்றார் சபியா உம்மா. பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, “எனக்கே விளங்குது. எண்ட றிபாக்கு விளங்காதா? அவள் பயோ படிக்கட்டும்” என்றார்.

அவர் சொன்னதும் மற்றத் தாய்மாரும் ஒவ்வொருவராகச் சம்மதித்தார்கள். பிரிவு பிழைத்தது. அந்த வகுப்பிலிருந்து தாதியரும் மருத்துவரும் வந்தார்கள். றிபா இன்று மருந்தாளர்.

அன்புள்ள டீச்சர், இந்த விழா வேண்டாமென்று நீங்கள் மறுத்ததன் காரணத்தை நாம் அறிவோம். “எனக்கு மாலை என்னத்துக்கு? நான் போனா பயோவ மூடிருவாங்க. அஸ்னாவும் மத்தப் புள்ளைகளும் பாதியில எங்க போற?” என்று எங்களிடம் கலங்கினீர்கள். உங்களுக்குப் பதிலாக ஆசிரியர் எவரும் கிடைக்காத அந்த வாரங்களில், எங்களுக்கும் அதே கவலைதான்.

ஆகவே மாலைக்கு முன்னர் இந்தச் செய்தியை ஏற்றுக்கொள்ளுங்கள். காரைதீவிலிருந்து துஷாந்தினி டீச்சர் எமது கல்லூரிக்கு இடமாற்றம் பெற்றுவிட்டார். நேற்றே வந்து பிள்ளைகளைச் சந்தித்து, பாடம் எதில் நிற்கிறது என்றும் கேட்டறிந்துவிட்டார். அஸ்னாவும் தோழிகளும் எங்கும் போகவேண்டியதில்லை.

உடல் நலமும் உள்ளத்து மகிழ்வும் நிறைந்த நீண்ட ஆயுளை வல்ல இறைவன் உங்களுக்கு அருள்வானாக. திங்கட்கிழமை உயிரியல் வகுப்பு வழமைபோல நடக்கும். நீங்கள் அன்று அவசரமில்லாமல் ஆறுதலாக எழும்புங்கள், டீச்சர்.

என்றும் உங்கள் அன்பில்,
உயர்தரப் பிரிவு ஆசிரியர்களும் ஊழியர்களும்,
கல்முனை.