வெயில் அண்ணன் வாரத்தில்

உஷாராணி: ...அதெல்லாம் பேசி முடிச்சாச்சுங்க தம்பி. நாளைக்குக் காலையில செங்கோடன் வந்து காட்டை அளந்துட்டுப் போறாரு. மரவள்ளி நடறாராம்.

தமிழரசு: ராசிபுரத்துச் செங்கோடனா? அண்ணன் காட்டைக் குத்தகைக்கு உடறதுக்கு முன்னால எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா நங்கை?

உஷாராணி: அண்ணன் பொண்டாட்டி நானே சொல்லத்தான கிணத்துமேட்டுக்கு வந்திருக்கறேன். பொதுக் கிணத்துல ஒரு வாரம் உட்டு ஒரு வாரம் எறைக்கறதுல உங்க வாரம் உங்களுக்கு. எங்க வாரம் இனிமே அவருக்கு. தண்ணி முறையில சண்டை வராமப் பாத்துக்குங்க.

தமிழரசு: எங்கண்ணன் இருக்கையில அவரு வாரத்துல இன்னொருத்தரு எறைக்கறதா?

உஷாராணி: உங்கண்ணன் ஒடிசாவுல ரிக் வண்டியில, ஊரான் காட்டுக்குப் போர்வெல் போட்டுக்கிட்டுக் கெடக்கறாரு. அங்கிருந்து வந்து தண்ணி கட்டுவாராக்கும்.

தமிழரசு: வரச் சொல்லுங்க.

உஷாராணி: நீங்க சொல்லுங்க. ரெண்டு பேரும் ஒரே வகுத்துல பொறந்தவியதான. போனு இருக்குதில்ல?

தமிழரசு: ...என்னன்னுங்க கூப்புடறது?

உஷாராணி: அதான. இந்த ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு... சரி, உடுங்க. உங்க சோலாரு மோட்டாரு எப்பிடி ஓடுது?

தமிழரசு: வெயில் இருந்தா ஓடும்.

உஷாராணி: இல்லாட்டி?

தமிழரசு: முக்கும். சுண்டுவெரல் மொத்தத்துக்குத் தண்ணி வரும்... அதுவும் நின்னுக்கும். தெரிஞ்சுக்கிட்டே கேக்கறீங்க.

உஷாராணி: ஒரு பேட்டரி வச்சிருக்கலாமில்ல?

தமிழரசு: லைட்டுக்கும் ஃபேனுக்கும் வைக்கலாமுங்க. அஞ்சு எச்.பி. மோட்டாருக்குப் பேட்டரி வைக்கோணும்னா காட்டைத்தான் விக்கோணும். வெயில் அடிக்கறப்ப எறைச்சுக்கோணும், அவ்வளவுதான்.

உஷாராணி: வாங்கின அன்னைக்கு இப்பிடிப் பேசலீங்களே. நம்ம கரண்டே இருக்குது, ரெண்டு பேரும் பொதுவா ஓட்டிக்கலாம்னு உங்கண்ணன் சொன்னாரு. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?

தமிழரசு: அது இப்ப எதுக்குங்க...

உஷாராணி: "உங்க கரண்டு உங்க பேருல இருக்கட்டும். சூரியனுக்கு எவன் பேருலயும் பட்டா இல்ல"ன்னீங்க. பய நல்லாத்தான் பேசறான்னு கொஞ்ச நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அப்பறம் சிரிக்கறதில்ல.

தமிழரசு: வாய்க்கொழுப்புங்க. போன ஆடி வந்து அடக்கிருச்சே. என் வாரம் பூரா மூட்டம். காத்து ஆளைத் தள்ளுது... ஒரு பொட்டு மழையில்ல, ஒரு கீத்து வெயிலில்ல. வெங்காயம் காய் புடிக்கற நேரம்.

உஷாராணி: எங்க வாரம் பொறந்ததும் சுள்ளுன்னு அடிச்சுது.

தமிழரசு: ஆமாங்க.

உஷாராணி: அடுத்தாப்பல உங்க வாரம். திரும்ப மூட்டம்.

தமிழரசு: ஆமாங்க.

உஷாராணி: வாரத்தை மாத்திக்கலாம்னு ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாம்.

தமிழரசு: அத்தினி பேச்சுப் பேசிட்டு... எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரதுங்க?

உஷாராணி: வாசல்லயேதான் உக்காந்திருந்தாரு தம்பி. நாய் கொலைச்சா நீங்கதான்னு எட்டிப் பாப்பாரு.

தமிழரசு: அண்ணனும்தான் ஒரெட்டு வந்திருக்கலாம்.

உஷாராணி: மூத்தவரு எப்பிடி வருவாரு? அவருக்கு இல்லாத வீம்பா?

தமிழரசு: அப்பத்தான் அண்ணன் மோட்டாரு எரிஞ்சுபோச்சுன்னாங்க.

உஷாராணி: ...ஆமா. மோட்டாருக்குள்ள காயில் கருகிப்போயிருச்சு.

தமிழரசு: ம்.

உஷாராணி: எங்களோட அந்த வாரம் கிணத்துல தண்ணி ஊறி நிக்குது. ரெண்டு காட்டுக்குப் பத்தாது, ஒருத்தருக்குத் தாராளமாப் போதும். உங்க பேனலெல்லாம் வெயில்ல கண்ணைக் கூசுது. ஏன் சுச்சைப் போடல?

தமிழரசு: உங்க வாரமுங்களே. மோட்டாரு போயி நிக்கற மனுசரு வாரத்துல நான் எறைச்சா ஊரு என்ன பேசும்?

உஷாராணி: ரெண்டு பேரு வெங்காயமும் கருகிக் கெடந்தப்ப ஊரு வந்து ஒரு கொடம் ஊத்துச்சா? அந்த வெள்ளாமை போயித்தான அவரு ரிக் ஏறினாரு. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனாரு. நாளைக்குக் காடே கைமாறுது, இனி மறைச்சு என்ன பண்றது? மோட்டாருக்கு ஒண்ணும் ஆகல தம்பி. கரண்டு பீஸ் கட்டையைப் புடுங்கிச் சட்டைப்பையில போட்டுக்கிட்டாரு. காயில் போச்சுன்னு டீக்கடையில அவரேதான் பரப்பிவுட்டது. "அவன் வாயத் தொறந்து கேக்கமாட்டான், குடுத்தாலும் வாங்கமாட்டான். கிணறு சும்மா கெடந்தா எறைச்சுக்குவான்"னாரு. வாரம் பூரா மேட்டுல நின்னு உங்க பைப்பையே பாத்துக்கிட்டிருந்தாரு. எங்க வெங்காயம் தலை சாஞ்சப்பக்கூட பீசைத் திருப்பிப் போடல. உங்களையும் குத்தம் சொல்ல முடியாது. பாவம், உங்களுக்கு எப்பிடித் தெரியும்...

தமிழரசு: தெரியுமுங்க நங்கை.

உஷாராணி: என்ன தெரியும்?

தமிழரசு: எரிஞ்ச மோட்டாரை எவனாச்சும் தூக்கிட்டுப்போயி வைண்டிங் கட்டாம கிணத்துலயே உட்டு வைப்பானுங்களா? ஆளில்லாத நேரம் மோட்டாரு ரூமுல போயிப் பாத்தேன். பீஸ் இல்ல. எனக்காகத்தான்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. அண்ணன் மேட்டுல நின்னதையும் பாத்தனுங்க... தெனமும் சுச்சு மேல கைய வச்சுக்கிட்டு நானும் நின்னேன். அங்கிருந்து "போடுறா"ன்னு ஒரு சத்தம் குடுக்கட்டும்னு.