பதினொரு குரல் பதிவுகள்

சரீப் சேர், பொலிசுக்கு நான் எழுதித் தரும் வாக்குமூலம் இது. எனக்கு எழுத்து வேலையில் ஒழுங்கீனம் பிடிக்காது. ஈச்சிலம்பற்றுப் பள்ளிக்கூடத்தில் அதிபரின் கடிதங்களுக்குப் பிரதி எழுதிக் கொடுத்த நாளிலிருந்தே, மூன்று பிரதி என்றால் மூன்றும் ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும் எனக்கு. குணரத்தினம் ஐயாவின் கப்பல் முகவர் கந்தோரில் சேர்ந்த பிறகும் அப்படித்தான். துறைமுகத்துக் கணினி, லிங்கநகர்க் கந்தோர்க் கணினி, ஐயாவின் போன் ஆகிய மூன்றிலும் கோப்புகளை ஒரே மாதிரி வைத்திருக்கும் மென்பொருளைப் போட்டது நான்தான்.

அது எப்படி வேலை செய்யும் என்று கேட்டீர்கள். முதலில் ஒரு கோப்பின் அளவையும், கடைசியாக மாறிய நேரத்தையும் பார்க்கும். இரண்டும் பொருந்தினால் திறக்காது. பொருந்தாவிட்டால் கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு சிறிய எண்ணைக் கணித்து, மறுபக்கத்து எண்ணோடு ஒப்பிடும். எண் மாறிய துண்டை மட்டும் அனுப்பும். சிக்கனமான வேலை. எது உண்மை என்று அதற்குத் தெரியாது. எது புதியது என்றுதான் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை, வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பலுக்கு எங்கள் படகு போனது. மூன்று பேருக்குத்தான் அனுமதி. நான்கு பேர் போனார்கள்: ஓட்டி, அவருடைய உதவியாள், ஐயாவின் மகள் லக்சாயினி, என் தம்பி ரிஷிகேசன். எட்டு மணிக்கு நான் கந்தோர்க் கணினியில், படகில் ஏறியவர்களின் லிஸ்டில் நான்கு பெயரையும் பார்த்தேன். ஒன்பதரைக்குப் படகு கவிழ்ந்த செய்தி வந்தது. பத்து மணிக்குத் திறந்தபோது மூன்று பெயர். துறைமுகத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன், அங்கும் மூன்று. மகளைத் தேடிப் படகில் ஏறுமுன் ஐயா தன் போனில், அனுமதியை மீறியது தெரியாமலிருக்க, தம்பியின் பெயர் இருந்த வரியை வெட்டியிருந்தார். மீதியை என் மென்பொருள் பார்த்துக்கொண்டது.

கடல் மூன்று உடல்களைத் தந்தது. தம்பியைத் தரவில்லை.

“ரிஷி அண்டைக்கு ஏறேல்ல பிள்ளை. லிஸ்டைப் பாருங்கோவன்,” என்றார் ஐயா.

“காலமை நாலு பேர் இருந்தது ஐயா. நான் பார்த்தனான்.”

“அழுத கண்ணோட என்னத்தைப் பார்த்தனீங்களோ. பொடியன் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறியிருப்பான். வீட்டில சொல்லிப்போட்டே எல்லாரும் போறவங்கள்?”

அம்மா அந்தக் கதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்தியேட்டி செய்வோம் என்று நான் கேட்டபோது, “உயிரோட இருக்கிற பிள்ளைக்கு அந்தியேட்டியோடி?” என்று திட்டினார். தெரியாத இலக்கத்திலிருந்து தவறிய அழைப்பு வந்தால், இன்றைக்கும் திருப்பி எடுக்கச் சொல்லுவார்.

ஐயாவிடம் மகளின் குரல் பதிவுகள் பதினொன்று இருந்தன. தொலைந்துவிடக் கூடாது, மூன்று இடத்திலும் வையுங்கோ என்று என்னிடம் தந்தவரும் அவரே. மத்தியானம் சாப்பிட்டதும் கதிரையில் சாய்ந்து ஒன்றைப் போட்டுக் கேட்பார்.

நான் அவற்றை அழிக்கவில்லை. அழித்தால் உடனே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பதிவில் இரண்டு மூன்று விநாடியை எடுத்துவிட்டு, அளவு குறையாமல் அந்த இடத்தில் மௌனத்தை நிரப்பினேன். நேரத்தை மட்டும் மாற விட்டேன். இல்லையென்றால் மென்பொருள் திறந்து பார்க்காது. மாறிய துண்டு போனுக்குப் போகும். பழைய பிரதியை அது வைத்திருக்காது. எனக்கு அவசரம் இருக்கவில்லை.

“ஐயாக்குக் காது அடைச்சிட்டுது. இனி லீவு கேக்கிறதெண்டா ஒலிபெருக்கி கட்ட வேணும்,” என்று, அவர் போனின் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்பதைப் பார்த்துத் தேநீர் கொண்டுவரும் ஜெஸ்மின் சிரித்தாள். ஐயா காது டொக்டரிடம் போனார். காதில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இதில அவள் ‘சாப்பிட்டியளோ அப்பா’ எண்டு கேக்கிறவள் எல்லோ?”

“இல்லை ஐயா. இந்தப் பதிவில அப்பிடி இல்லை. கந்தோர்க் கணினியிலயும் பாருங்கோவன்.”

பார்த்தார். அங்கும் இல்லை.

பத்துப் பதிவுகளுக்கு ஒன்பது மாதம் எடுத்தது. பதினோராவது பதிவை அவர் கந்தோரில் ஒருநாளும் போட்டதில்லை. விபத்து நடந்த காலை ஏழு ஐம்பதுக்கு வந்தது அது. நாற்பது விநாடி. அதை முழுக்க ஒரேயடியாக மௌனத்தால் நிரப்பினேன். கேட்டுப் பார்க்கவில்லை. அவருடைய மகள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தேவைப்படவில்லை. அவள் பேசாமல் போவதுதான் தேவைப்பட்டது.

போன மாதம் அவர் தானாகவே உங்களிடம் வந்தார். “நான் பொய் சொன்னதுக்கு மகள் கோவிச்சுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாப் போறாள், சேர். முழுக்கப் போக முதல் உண்மையைச் சொல்லிப்போடுறன்,” என்றாராம். ரிஷி ஏறியது உண்மை, பெயரை வெட்டியது தான்தான் என்று சொல்லி, பதினோராவது பதிவைப் போட்டாராம். ‘அப்பா, நாலு பேரும் ஏறீட்டம்’ என்று மகள் சொல்லுவாள், பின்னால் ‘போயிட்டு வாறம் ஐயா’ என்று ரிஷி சத்தம் போடுவான், கேளுங்கோ என்றாராம். நீங்கள் நாற்பது விநாடி காத்திருந்தீர்கள். பிறகு அவரை மனநோய் விடுதியில் சேர்த்தார்கள்.

அவருக்குச் சித்தம் பிசகவில்லை, சேர். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். பதினொரு பதிவுகளையும் கெடுத்தது நான்தான்.

பதினோராவதை முதலில் கேட்டுப் பார்த்திருந்தால் கெடுக்காமல் விட்டிருப்பீர்களா என்று கேட்டீர்கள். நான் கேட்டுப் பார்க்கவில்லை. நடக்காததற்கு வாக்குமூலம் எழுத ஏலாது. தம்பியின் குரல் வீட்டில் வேறு எதிலும் இருக்கிறதா என்றும் கேட்டீர்கள். இல்லை. அவன் எதையும் நேரில் வந்து சொல்லுகிறவன்.

ஒரு வேண்டுகோள். இதை அம்மாவிடம் கொண்டுபோக வேண்டாம். மகன் அவுஸ்திரேலியாவில் இருக்கிறான் என்றே அவர் நம்பி இருக்கட்டும். அப்படி இல்லை என்று காட்ட இப்போது எந்தப் பிரதியிலும் எதுவும் இல்லை. மூன்றையும் நானே சரிபார்த்துவிட்டேன்.