படத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல்

– வீடியோவுல நீட்டிக் கதைக்கத் தேவல்ல, தங்கச்சி. நோம்பு காலத்துல மெச்சுக்கு நடுவுல தண்ணி குடிச்சது பிழை, ஊர்ச்சனம் மன்னிச்சிக்கங்கண்டு ரெண்டு வசனம். போன நான் புடிக்கன்.

– மாட்டன், காக்கா.

– ஏன் மாட்டாய்? சிங்கப்பூர்ல நீ தண்ணி குடிக்கிற படம் கல்முனையில இருந்து சாய்ந்தமருது மட்டும் எல்லார்ட போன்லயும் கிடக்கு. முதுகுல கொட்டை எழுத்துல நதீராண்டு பேரு. கடற்கரை றோட்டுல ஒனக்குக் கட்டின பேனரையும் கழட்டிட்டானுகள். விளங்குதா?

– பேனர் கட்டச் சொல்லி நான் கேக்கல்லையே. பதினொரு வருஷம் ஹொக்கியில நாட்டுக்குக் கோல் காத்தன், ஒருத்தரும் எட்டியும் பாக்கல்ல. தண்ணிப் போத்தலத்தான் கண்டிரிக்காங்க.

– ஒன்ட எடுப்புக் கதைய விடு. பள்ளிவாசல் மரைக்கார்மாரு நேத்து அசர் தொழுகைக்குப் பொறகு என்னப் பள்ளியில வெச்சுக் கேக்காங்க, "ஜுனைட், ஒன்ட தங்கச்சி செஞ்சது போதாதா, மகளையும் அனுப்பப் போறியா"ண்டு. தலையத் தூக்கேலாமப் போச்சு எனக்கு.

– அப்ராவ அனுப்ப வேணாமாமா?

– நீ மன்னிப்புக் கேட்டா அனுப்பலாமாம். கேக்காட்டி இந்த ஊர்ல ஒரு பொம்புளப் புள்ளையும் ஹொக்கிக்குப் போகப்படாதாம். வாற கிழமை அவளுக்குக் கொழும்புல கேம்ப். ஒன்னப் போல கீப்பராகணுமெண்டு ஒத்தக் கால்ல நிக்காள். நேத்துத் தொடக்கம் சோறு தின்னல்ல புள்ள.

– பிரயாணத்துல நோம்ப விட எடமிரிக்கிண்டு சொல்லல்லயா நீங்க?

– சொன்னன். "விட்டா விடட்டும், ஊரே பாக்கக் குடிக்கணுமா"ண்டாங்க. நானும் அதத்தான் கேக்கன். வாப்பா ஒன்ன வெளயாட உட்டதே அந்தக் கீப்பர் உடுப்பாலதான். கால், கை, மூஞ்சி எல்லாம் மூடிரிக்கி, நகம் கூடத் தெரியாதுண்டு சொல்லிச் சொல்லித்தான் ஊர்ட வாய அடைச்சாரு மனுசன். மௌத்தாப் போனவர்ட பேரையும் சேத்துக் கெடுத்துட்டாய்.

– வாப்பாவ இழுக்காதீங்க.

– இழுப்பன். என்ன செய்வாய்?

– அப்பக் கேளுங்க. அந்தப் படத்துல நிக்கிறது நானில்ல.

– என்ன கதை கதைக்காய்? பேரு கிடக்கே.

– உடுப்பு என்ட. உள்ளுக்கு நிக்கிறது மற்றக் கீப்பர், சிங்களப் புள்ள. அவள்ட பெட்டி பிளேன்ல வரல்ல. நான் முதல் பாதியிலேயே மயங்கி விழுந்துட்டன். என்ட ஹெல்மட், பேட், சட்டை எல்லாத்தையும் கழட்டி அவளுக்குப் போட்டு எறக்கினாங்க.

– மயங்கினியா? என்னத்துக்கு?

– நோம்பு பிடிச்சிருந்தன், காக்கா. அறையில மத்தவள் எழும்பிருவாளெண்டு லைட்டும் போடாம, இருட்டுக்குள்ள குந்தி ரெண்டு ஈச்சம்பழத்தத் திண்டு சஹர் செஞ்சன்.

– அல்லாஹ்வே. இத ஏன் புள்ள இவ்வளவு நாளும் சொல்லல்ல? எழும்பு, பள்ளிக்குப் போவம். இந்த மரைக்கார்மாரு ஒவ்வொருத்தனும் ஒன்னட்ட மன்னிப்புக் கேக்கணும். கேக்க வெப்பன் நான்.

– இரிங்க. பள்ளியில சொன்னா அது கொழும்புக்கும் போகும்.

– போகட்டுமே. நமக்கென்ன பயம்?

– மெச் நாளையில நோம்பு பிடிக்கிற ஆள் டீம்ல இரிக்கேலாதுண்டு கோச் முந்தியே சொன்னவர். காய்ச்சல்ல விழுந்தனெண்டு பொய் சொல்லித்தான் இன்னும் டீம்ல இரிக்கன். கேம்புக்கு ஆள் எடுக்கிறதும் அவருதான். இவங்கட பக்கத்துப் புள்ளைகள் சொல்வழி கேக்காதுகள் எண்டு அப்ராட பேரையும் வெட்டிருவாரு. என்ட முழங்காலுக்கு இன்னும் ஒரு வருஷமோ என்னமோ. அவளுக்கு இப்பதான் தொடக்கம். அதுக்காகத்தான் வாயப் பொத்திட்டு ஊர்ட ஏச்சக் கேட்டுட்டிரிக்கன்.

– அப்ராக்காகவா?

– ஓம். ஏசட்டும், தாங்குவன். ஆனா அல்லாவுக்காகப் பிடிச்ச நோம்பப் பிடிக்கல்லண்டு என்ட வாயால எப்படிக் காக்கா சொல்லுறது? அது மட்டும் என்னால ஏலாது. அத என்னட்டக் கேக்காதீங்க.

– அழாத, புள்ள. நீ நோம்போட நிண்டது அல்லாவுக்குத் தெரியும். இப்ப எனக்கும் தெரியும். அது போதும்தானே. கண்ணத் தொடச்சிட்டு ஸ்காஃப ஒழுங்காப் போடு, நான் போன புடிச்சிட்டன், அந்த ரெண்டு வசனத்தையும் சொல்லு.