நாற்பத்தொரு வீடுகளில் நான் அழித்த குரல்

சுமித்ரா இறந்து இன்றோடு முப்பத்தொரு நாள். எலிக்காய்ச்சல். திங்கட்கிழமை உடம்பு வலிக்கிறது என்றார்; வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் வந்தார். வயது இருபத்தொன்பது.

இதை முதலில் சொல்லிவிட்டு, பிறகுதான் வணக்கம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கோயில் சபைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, காலையில் ரப்பர் பால் வெட்டி முடித்துவிட்டு, குளித்து உடுத்தி, மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் தாய்மாரே, கித்துல்கல கடைவீதி நண்பர்களே, படகு ஓட்டும் தம்பிமாரே, முன்வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும் வெள்ளையம்மா அக்கா அவர்களே, அனைவருக்கும் ராஜதுரை ஸ்டோர்ஸ் ராஜதுரையின் வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஒரு சாமானைக் கையில் தூக்கிக் காட்டித்தான் எனக்குப் பேசிப் பழக்கம். இன்று என் கையில் காட்டுவதற்கு ஒரேயொரு பென்டிரைவ்தான் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

யார் இந்தச் சுமித்ரா டீச்சர்? எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்? எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. ரப்பர் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில், மூன்றாம் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார். தாய் வெள்ளையம்மா அக்கா முப்பத்திரண்டு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டி வளர்த்தார். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் ஆற்றோர ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கும் வேலைக்குப் போனார். ஐந்தே வருடத்தில் அதே ஹோட்டலின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தார். யார் கற்றுக் கொடுத்தது? ஒருவரும் இல்லை! சலவைக்குப் போகும் படுக்கை விரிப்புகளை எண்ணி எழுதும் தாள் இருக்கிறதே, அதன் பின்பக்கத்தில், விருந்தினர் வாயிலிருந்து விழுந்த ஆங்கில வினைச்சொற்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். செய்வது ஒரு வடிவம், செய்தது ஒரு வடிவம், செய்து முடிந்தது ஒரு வடிவம். வரிசைக்கு மூன்று. அப்படி இருநூறு சொல் சேர்த்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் என் கடைக்கு வந்து நின்றார்.

“அண்ணே, மேல்மாடி சும்மாதானே கெடக்கு?”

“சும்மா எங்க கெடக்கு? வாளி அடுக்கியிருக்கேன்.”

“வாளிய ஒரு ஓரமா நானே அடுக்கித் தாரேன். சனிக்கிழமையில ரெண்டு மணித்தியாலம் குடுங்க. வகுப்பு நடத்தணும்.”

“சரி, எனக்கென்ன லாபம்?”

“ஏழு வருசமா வெள்ளைக்காரங்ககிட்ட ‘யெஸ்டர்டே ஐ கோ கொழும்பு’ன்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க. அத நிப்பாட்டித் தாரேன்.”

கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்தேன். என்னிடம் இவ்வளவு துணிச்சலாகப் பேரம் பேசியவர்கள் இந்தக் கடைவீதியில் எத்தனை பேர்? மாடியைக் கொடுத்தேன்.

முதல் சனிக்கிழமை ஏழு பேர். ஒரு வருடத்தில் நாற்பது பேர். அறை துப்புரவாக்கும் பிள்ளைகள், படகுக்காரர், பால் வெட்டும் பெண்கள், பின்வரிசையில் வாளிகளுக்குப் பக்கத்தில் நான். படகு ஓட்டும் விதுர்ஷன் தம்பி அங்கே நிற்கிறார், அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாள் படகிலிருந்து ஒரு விருந்தாளி ஆற்றில் விழுந்தார். தூக்கிவிட்டார்கள், துடைத்துவிட்டார்கள், தேநீரும் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு, கரையில் காத்திருந்த அந்தக் கூட்டத்தின் தலைவிக்கு இவர் ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பினார். விழுந்தார் என்பதற்குப் பதில், விழுகிறார் என்று அனுப்பிவிட்டார். அவ்வளவுதான்! ஆம்புலன்ஸ் வந்தது, பொலிஸ் வந்தது, ஊரே ஆற்றங்கரைக்கு ஓடியது. விழுந்த மனுஷனும் என்ன கூட்டம் என்று பார்க்கத் தேநீர்க் கோப்பையோடு ஓடினார்!

அடுத்த வகுப்பில் டீச்சர் சொன்னார்: “தம்பி, விழுறார்னு சொன்னா ஆம்புலன்ஸ் வரும். விழுந்தார்னு சொன்னா பிளாஸ்டர் போதும். எது வேணும்னு பாத்துச் சொல்லு.”

இன்று விதுர்ஷன் ஒரு படகுக் குழுவுக்கே பொறுப்பாளர். டிலானி தங்கச்சி ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில். இன்னும் பத்தொன்பது பேர் வருகிற மாதம் புது ஹோட்டலின் நேர்முகத் தேர்வுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இந்த வேலை கிடைத்தால் குடும்பம் ஒன்று லயத்துக்கு வெளியே வரும். கிடைக்காவிட்டால் நாளைக்கும் அதே மரம், அதே கத்தி. இதை நான் எதற்காகச் சொல்கிறேன்? நான் செய்த காரியம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

அன்புக்குரியவர்களே, அந்தக் குரலின் கதைக்கு வருகிறேன்.

வாரத்தில் இரண்டு மணித்தியாலம் போதவில்லை. “எழுதிப் பாத்தா வாய்க்கு வராதுண்ணே, சத்தமா சொல்லிப் பழகணும்” என்று டீச்சர் கவலைப்பட்டார். மலையில் சிக்னலும் இல்லை. அப்போது நான்தான் சொன்னேன், குரலைப் பதிவு செய்யலாம், போனில் செருகும் சிப்பில் போட்டுக் கொடுக்கலாம் என்று. இருபது பாடம். பாடத்துக்குப் பத்துச் சொல். அவர் முதல் வடிவத்தைச் சொல்வார். சொல்லிவிட்டு நிறுத்துவார். நாம் அடுத்த வடிவத்தைச் சொல்ல வேண்டும். பிறகு அவர் அதைச் சொல்லிச் சரி பார்ப்பார். மறுபடி நிறுத்துவார். நாம் மூன்றாவதைச் சொல்ல வேண்டும். நமக்காக அவர் விட்டு வைத்த அந்த இடைவெளி சரியாக நான்கு விநாடி. நான் கடிகாரம் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

விடியற்காலையில் ரப்பர் மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். இந்த மரத்தடியிலிருந்து ‘கம்’ என்று கேட்கும். பள்ளத்திலிருந்து ஒரு பெண் ‘கேம்’ என்பாள். பனிக்குள் ஆள் தெரியாது. மலை முழுக்க ஒரே டீச்சர் நின்றுகொண்டு இருந்தார்.

நான் வியாபாரி. அதிலும் ஒரு வியாபாரம் செய்தேன். கடையில் பக்திப்பாட்டுப் பென்டிரைவ் விற்கிறேன் அல்லவா? பாட்டு முடிந்த பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் டீச்சருடைய முதல் இரண்டு பாடங்களைக் கொசுறாகப் போட்டு விற்றேன். டீச்சரைக் கேட்டேனா? இல்லை. நல்ல காரியம்தானே என்று நினைத்தேன்.

சாவு வீட்டுக்கு ஒலிபெருக்கி கொண்டு வந்தவர் ஹஸன் நானா. பாட்டுக்குப் பென்டிரைவ் கொடுத்தவன் நான். அவசரத்தில் கை போன இடத்தில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை பத்து மணி. டீச்சரை வெளியே கொண்டு வந்து கிடத்தியிருந்தார்கள். கடைசிப் பாட்டு முடிந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு, அவர் தலைக்கு மேலே, தகரக் கூரையில் கட்டியிருந்த அந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து, அவரே பேசினார்.

“எல்லாரும் ரெடியா? சத்தமா சொல்லணும். கம்.”

நான்கு விநாடி.

சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்கள், தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, மெதுவாகச் சொன்னார்கள்: “கேம்.”

நீங்களும் அங்கே இருந்தீர்கள். கிடப்பவர் கேட்கிறார், இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள். மூன்று சொல் அப்படிப் போயிற்று. நான்காவதாக ‘கோ’ என்றார். வெள்ளையம்மா அக்கா ஓர் அலறல் அலறி விழுந்தார். ஹஸன் நானா ஓடிப் போய் வயரைப் பிடுங்கினார்.

அந்த அலறல் என்னைத் துரத்தியது. கடையில் கல்லாவில் உட்கார்ந்தாலும் அதுதான். நான் காரியத்தை ஒத்திப்போடுகிறவன் இல்லை. கடைக் கணினியில் இருந்ததை முதலில் அழித்தேன். பிறகு லயம் லயமாக, வீடு வீடாகப் போனேன். “அந்தத் தாய் காதுல இது விழலாமா? குடுங்க” என்றேன். நாற்பத்தொரு வீடு. என் சொல்லைத் தட்டாமல் எல்லோரும் கொடுத்தீர்கள். அங்கேயே நின்று, இருபது பாடத்தையும் ஒவ்வொரு சிப்பிலிருந்தும் அழித்தேன். பெரிய நன்மை செய்துவிட்டதாக நினைத்தேன்.

ஆனால் பத்து நாளுக்கு முன்னால், விடியற்காலை, ஹோட்டல் ஒன்றுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகிறேன். லொறியை நிறுத்தி இறங்கினேன். மரங்களுக்குள்ளே கேட்டது. ‘டேக்.’ நான் அழித்த ஒன்பதாம் பாடம். மழைத்தண்ணீர் சொட்டும் சத்தம். நான்கு விநாடி. யாரும் பதில் சொல்லவில்லை. ‘டுக்’ என்று அவரே சொன்னார். மறுபடி நான்கு விநாடி. என் வாய் தானாகத் திறந்தது. “டேக்கன்” என்றேன். அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. யாருடைய சட்டைப்பையிலாவது இருந்ததா, என் காதுக்குள்தான் இருந்ததா, எனக்குத் தெரியாது.

மூன்று நாளுக்கு முன்னால், சாவு வீட்டில் ஓடிய அதே பென்டிரைவை எடுத்துக்கொண்டு வெள்ளையம்மா அக்காவிடம் போனேன். என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

“அக்கா, எல்லாத்தையும் அழிச்சிட்டேன். இத மட்டும் ஒங்க கையால அடுப்புல போட்டுருங்க.”

“எத அழிச்சீங்க மொதலாளி?”

“புள்ளையோட சத்தத்த.”

“யாரக் கேட்டு?”

அக்கா அதோடு விடவில்லை.

“மக சத்தம் கேட்டா தாய் அலற மாட்டாளா? அலறுனா அழிச்சிருவீங்களா? அவ கேள்வி கேட்டுட்டு நின்னா. பதில் சொல்ல விடாம வயர புடுங்கிட்டீங்க. ஒரு மாசமா அந்த எடத்துலயே நிக்கிறா எம் புள்ள.”

பிறகு என்னை உட்காரச் சொல்லி, பென்டிரைவைப் பக்கத்து வீட்டுப் பாட்டுப் பெட்டியில் போடச் சொன்னார். இரண்டு பாடம், இருபது சொல். அந்த அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, என் மாடிக்கும் வந்ததில்லை. சோறாக்கும்போது மகள் சொல்லிப் பார்த்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தவர். ஒவ்வொரு இடைவெளியிலும் வாய்விட்டுப் பதில் சொன்னார். ஒன்றில் மட்டும் தவறினார். எது என்று இந்தச் சபையில் சொல்ல மாட்டேன்.

ஆகவே பெரியோர்களே, தாய்மாரே! நூற்றெண்பது சொற்களை, அந்தக் குரலை, அழித்தவன் உங்கள் முன்னால் நிற்கிறேன். காய்ச்சல் ஒருமுறை கொண்டு போனது. இரண்டாவது முறை கொண்டு போனவன் நான். டீச்சரைப் புகழ்ந்து பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனால் ஒன்று கேட்க உரிமை உண்டு. அன்றைக்கு ராஜதுரை கேட்டும் கொடுக்காமல் ஒளித்து வைத்தவர் யாராவது இந்த மண்டபத்தில் இருக்கிறீர்களா? இருந்தால், நீங்கள் செய்ததுதான் சரி. கொண்டு வாருங்கள்.

டீச்சரின் வேலை நிற்காது. அதற்கு அக்காவோடு பேசி முடித்ததைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். சிப்பைக் கொண்டு வருகிறவரின் பெயர் கேட்க மாட்டேன். பிரதி எடுக்க எனக்குப் பத்து நிமிடம் போதும், சிப் அவருக்கே. அந்தக் குரல் இனி என் கடையில் விலைக்கும் இல்லை, கொசுறுக்கும் இல்லை. மேல்மாடி வகுப்பைச் சனிக்கிழமை இரண்டு மணி முதல் நான்கு மணி வரை, வாடகை இல்லாமல், டிலானி நடத்துவார். பத்தொன்பது பேரின் நேர்முகத் தேர்வு முடியும்வரை புதன்கிழமையும் உண்டு.

இவை நான் முன்வைத்தவை. அக்காவிடம், நான் அழித்ததற்கு என்ன விலை என்றும் கேட்டேன்.

“கடை தொறக்குறதுக்கு முன்ன, தெனம் ஒரு பாடம் போடணும். நீங்க பதில் சொல்லணும், சத்தமா. நான் ரோட்டுல நின்னு கேப்பேன்.”

“எத்தன நாளைக்கு அக்கா?”

“எனக்குக் காது கேக்குற வரைக்கும்.”

கொஞ்சம் குறைத்துக் கேட்கலாமா என்று நான் நினைக்கவேயில்லை. ஒப்புக்கொண்டேன். நாளைக் காலை ஆறரை மணிக்கு, முதலாம் பாடம்.