எருமை போகும் திசை

ஸ்ட்ரெதம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் கையில் ஆஸ்பத்திரிப் பட்டி இன்னும் கழற்றப்படவில்லை. மடியில் கறுப்பு மையால் வரைந்த ஒரு சீன எருமைப் படம்.

"ஹார்ட் ஒப்பரேஷன் செய்த மனிசனுக்கு ஆராவது எருமைமாடு குடுப்பினமோ? எமன்ரை வாகனமெல்லோ!"

"பக்கத்துக் கட்டில் சீனக்காரர் ஆசையாத் தந்தவர். அவையளுக்கு எருமை எண்டால் நிம்மதியாம். கயிறு கட்டாத எருமை எண்டால் விடுதலையாம்."

"மேலை ஒருத்தன் இருக்கிறானே?"

"அவன் குழல் ஊதுறான். கையிலை பாசக்கயிறு இருக்கோ எண்டு வடிவாப் பாரும்."

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டெல்லோ போறார்!"

"ஓம். என்னை விட்டிட்டுப் போறார்."

கண்டக்டரே திரும்பிப் பார்க்கும்படி மனைவி சிரித்தார்.

"அப்ப வாசல் பக்கம் போறமாதிரி மாட்டுவம். அப்பிடியே வெளியாலை போகட்டும்."